தவணையும் அங்கத்தினர் வாழ்வும்

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கே உண்டு. நூறு பங்கு வைத்திருப்பவரும் ஒரு பங்கு வைத்திருப்பவரும் பொதுப் பேரவையில் ஒரே நிலையினர். இவ்விதியை நாம் பெருமையோடு எடுத்துரைப்பது வழக்கம், அது தக்கதே. ஆயின் இவ்வொப்புமையின் நிழலில் வேறோர் எண்ணமும் வளர்ந்துவிட்டது. வாக்கில் ஒத்தவர் வாழ்விலும் ஒத்தவரே என்றும், ஆதலால் எல்லார்க்கும் ஒரே நாளில், ஒரே அளவில், ஒரே முறையில் தவணை வைப்பதே நடுநிலை என்றும் நிர்வாகக் குழுவினர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கையால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது நம் கைக்கு முதலில் வருவது தவணை கடந்த பாக்கிப் பட்டியலே. அதில் மூன்று செய்திகள்தாம் இருக்கும்: பெயர், தொகை, எத்தனை நாள் கடந்தது என்னும் கணக்கு. ஒரு நெசவாளர் சங்கத்தின் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு பெயர்களைக் கண்டோம். இருவரும் தறி சீரமைக்கக் கடன் பெற்றவர்கள். தொகை ஏறத்தாழ ஒன்றே. கடந்த நாளும் ஒன்றே. முதலாமவர் மேட்டுத் தெருவில் இரண்டு தறிகளும் ஒரு மளிகைக் கடையும் உடையவர். கடைக்குச் சரக்குப் பிடிப்பதற்காகச் சங்கத்துப் பணத்தைத் தாமதப்படுத்தியிருந்தார். இரண்டாமவர் கணவனை இழந்த ஓர் அம்மையார். பள்ளத் தெருவில் அவருக்கு ஒரே குழித்தறி. ஐப்பசி மழையில் தறிக்குழியில் நீர் ஊறி, கார்த்திகை முடியும் வரையில் நெசவு நின்றுபோயிற்று. “குழியில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் காலை எங்கே வைப்பது, ஐயா?” என்று அவர் நம்மைக் கேட்டார். மிதிபலகை நீருக்குள் கிடக்கும்போது இதற்கு என்ன விடை கூற முடியும்?

பட்டியலைப் பொறுத்தவரையில் இவ்விருவரும் ஒரே வகையினர். இருவர் பெயரும் ஒரே தாளில் எழுதப்பட்டுச் சங்கத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. மளிகைக் கடைக்காரர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அம்மையாரோ அதன்பின் நூல் வாங்கச் சங்கத்திற்கு வருவதையே நிறுத்திவிட்டார். தனியார் முதலாளி ஒருவரிடம் குறைந்த கூலிக்கு நெய்கிறார். கடன் தீரவில்லை, சங்கம் ஒரு தறியை இழந்தது, அவர் தம் கூலியில் ஒரு பகுதியை இழந்தார். ஏட்டில் ஒரு பிழையும் இல்லை. விதிப்படியே எல்லாம் நடந்திருக்கிறது.

இது புதிய சிக்கல் அன்று. கூட்டுறவுக் கடன் இயக்கம் பிறந்த நாளிலேயே இதுபற்றி வழக்கு எழுந்தது. ஜெர்மனியில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில் இரண்டு பெரியோர் தனித்தனியே கடன் சங்கங்களைத் தோற்றுவித்தனர். ஷூல்ஸ் டெலிட்ச் என்பவர் நீதிபதியாயிருந்தவர். டெலிட்ச் என்னும் சிற்றூரில் தச்சர், செருப்புத் தைப்போர், சிறு வணிகர் ஆகியோரை மனத்திற் கொண்டு 1850-இல் கடன் சங்கம் அமைத்தார். ரைபைசன் என்பவர் ரைன் ஆற்றுப் பகுதியில் சிற்றூர்களின் தலைவராகப் பணியாற்றியவர். 1846, 1847-ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் உழவர் படும் பாட்டை நேரிற் கண்டவர். அவர் 1864-இல் ஹெட்டஸ்டார்ப் என்னும் ஊரில் உழவர்க்கெனக் கடன் சங்கம் நிறுவினார்.

இருவர் நோக்கமும் ஒன்றே: வட்டிக்காரர் பிடியிலிருந்து எளியோரை மீட்பது. ஆனால் இருவர் அமைத்த விதிகளோ பெரிதும் வேறு. நகரத்துக் கைவினைஞன் தோல் வாங்கிச் செருப்புத் தைத்து விற்றுவிட்டால் சில வாரங்களில் பணம் அவன் கைக்குத் திரும்பிவிடும். ஆகவே டெலிட்ச் சங்கங்கள் மூன்று மாதத் தவணையில் கடன் கொடுத்தன. வேண்டுமானால் புதுப்பித்துக் கொள்ளலாம். அக்கைவினைஞன் வாரந்தோறும் சிறிது மிச்சம் பிடிக்க வல்லவன். ஆதலால் கணிசமான பங்குத்தொகையைச் சிறுகச் சிறுகச் செலுத்தும்படி விதித்தனர். உழவனுக்கோ ஆண்டுக்கொரு முறைதான் பணம் வரும். மாடு வாங்கினாலும் நிலத்தைத் திருத்தினாலும் அச்செலவு திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ரைபைசன் நெடுந்தவணை வைத்தார். பங்குத்தொகையே வேண்டாம் என்றார். அரசின் சட்டம் பின்னர் வற்புறுத்திய போதும் பெயரளவுக்கு ஒரு சிறு தொகையையே வைத்தார். பங்கு இல்லாத குறையை ஈடுசெய்வதற்கு அவர் கண்ட வழி, ஒரே ஊரார் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் என்பது. சங்கத்தின் எல்லையை ஓர் ஊரோடு நிறுத்தியதற்குக் காரணம் அதுவே.

டெலிட்ச் தரப்பினர் இதனைக் கடுமையாகத் தாக்கினர். எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கக்கூடிய வைப்புத் தொகையை வாங்கி, பல ஆண்டுத் தவணையில் கடன் கொடுப்பது கேட்டிற்கு வழி என்றனர். கணக்கு அறிந்தவர் எவரும் அவ்வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ரைபைசன் தரப்பின் விடை எளியது: மூன்று மாதத்தில் பயிர் விளைவதில்லை. இரண்டு வாதங்களும் உண்மையே. செருப்புத் தைப்பவன் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு பார்த்தவருக்கு உழவனின் தவணை சோம்பலாகத் தோன்றிற்று. உழவனிடையே வாழ்ந்தவருக்கு மூன்று மாதத் தவணை கழுத்தை நெரிப்பதாகத் தோன்றிற்று. தாம் கண்ட வாழ்வை எல்லார் வாழ்வுமாகக் கொள்ளுதல் அறிஞர்க்கும் எளிதில் நேர்வது.

இவ்வேறுபாடு நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது. சென்னை அரசாங்கம் 1892-இல் பிரெடரிக் நிக்கல்சனை இத்துறையை ஆராயப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. ஐரோப்பியச் சங்கங்கள் பலவற்றையும் விரிவாக ஆராய்ந்து, நம் சிற்றூர்களுக்கு ரைபைசன் முறையே ஏற்றது என்று அவர் முடிவு செய்தார். 1904-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கங்களைக் கிராமியச் சங்கம், நகரச் சங்கம் என இரண்டாகப் பிரித்தது. அங்கத்தினருள் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராயிருந்தால் அது கிராமியச் சங்கம். அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர்க்குக் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் மாதச் சம்பளக்காரர்க்கு ஏற்ற பண்டகசாலையும் தோன்றின. ஒரே ஆண்டு, ஒரே இயக்கம். எனினும் இரண்டின் அமைப்பும் வேறு. முன்னோர் இவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தனர்.

ஆனால் அவர்கள் கண்ட வேறுபாடு தொழிலுக்குத் தொழில் உள்ள வேறுபாடு. ஒரே தொழிலுக்குள், ஒரே தெருவுக்குள் இருக்கும் வேறுபாட்டை அவர்கள் அந்தந்தச் சங்கத்தின் பொறுப்பில் விட்டனர். அங்கேதான் நாம் தளர்ந்துவிட்டோம்.

இவ்விதழைப் படிப்போரில் நெசவாளரும் உண்டு, பருத்தி விளைவிப்போரும் உண்டு. இருவர்க்கும் மழை என்றால் என்ன என்று எண்ணிப் பார்ப்போம். விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் மானாவாரிப் பருத்தியைப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையே அப்பயிரின் உயிர். மாசி தொடங்கிப் பருத்தி எடுக்கின்றனர். ஒரே நாளில் அன்று, பல முறையாக எடுக்கின்றனர். அதே ஐப்பசி மழை நெசவாளன் தெருவில் பெய்தால் அவன் கை முடங்குகிறது. பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்த வெயில் வேண்டும். பருத்தி நூலுக்குச் சிறிது ஈரம் நல்லது. காற்று வறண்டால் இழை அறும். தரையிற் குழி தோண்டித் தறி அமைத்ததில் இந்த நன்மையும் உண்டு. ஆனால் அதே குழி மழைக்காலத்தில் கிணறாகிவிடுகிறது. உழவன் வானத்தைப் பார்த்துக் கைகூப்பும் நாளில் நெசவாளன் குழியிலிருந்து நீரை இறைத்துக்கொண்டிருக்கிறான். இவ்விருவர்க்கும் மார்கழி மாதத்தில் ஒரே தவணை வைப்பதென்றால், ஒருவனுக்குப் பயிர் நிலத்தில் நிற்கிறது; மற்றவனுக்குத் தறி நின்றுவிட்டது. இருவர் கையிலும் பணமில்லை. காரணம் மட்டும் நேர்மாறானது.

இனி நெசவாளரிடையே உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். சங்கம் கூலியைப் பீஸ் கணக்கில் தருகிறது. இத்தனை முழத்திற்கு இவ்வளவு கூலி என்பது எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் ஒரு பீஸ் நெய்வதற்கு முன் எத்தனை கைகள் வேலை செய்கின்றன! சிட்டத்திலிருந்து நூலைப் பிரித்துத் தார் சுற்ற வேண்டும். பாவு பிணைக்க வேண்டும். அறுந்த இழையை முடிய வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை என்றால் கரைக்குத் தனி நாடா உண்டு; அதைத் தள்ள அருகில் ஓர் ஆள் வேண்டும். மனைவியும் வளர்ந்த மக்களும் உள்ள வீட்டில் இவ்வேலைகள் கூலியின்றி நடைபெறும். தனியாக இருக்கும் கைம்பெண்ணோ, நோயாளி மனைவியை உடைய நெசவாளனோ, தார் சுற்றுவதற்கும் பாவு பிணைப்பதற்கும் வெளியாளுக்குப் பணம் கொடுக்க வேண்டும். ஏட்டில் இருவர்க்கும் ஒரே கூலி. அடுப்பங்கரையில் அது ஒன்றாயிருப்பதில்லை.

இங்கே இன்னொரு செய்தியையும் கூறவேண்டும். 2019-20-இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டைத் திறந்தால் இந்த விகிதத்தை நாம் காண்பது அரிது. தறி யார் பெயரில் இருக்கிறதோ அவரே அங்கத்தினர். தறியோ பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கிறது. நெய்கிறவரின் அனுபவம் ஒன்று, கூட்டத்தில் வந்து பேசுகிறவரின் அனுபவம் மற்றொன்று. கூலி உயர்வு பற்றிய விவாதங்களில் தார் சுற்றும் வேலை பற்றிய பேச்சே எழாததற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

விளைவிப்போர் பக்கத்திலும் இதே நிலைதான். 2015-16-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஒரு பண்ணைக்குச் சராசரி 0.75 ஹெக்டேர் நிலமே இருந்தது. நாடு முழுவதும் பெண்கள் பெயரில் நடக்கும் பண்ணைகள் நூற்றுக்கு 14 என்ற அளவே. களை எடுப்போரும் பருத்தி எடுப்போரும் யார் என்பதை வயலுக்குப் போனவர் அறிவர். இதைவிடக் கூர்மையான வேறுபாடு சொந்த நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் இடையே உள்ளது. பயிர்க்கடனுக்கு அடங்கல் வேண்டும். வாய்மொழியாகக் குத்தகைக்கு எடுத்தவர் பெயர் அடங்கலில் ஏறுவதில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென 1969-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் சட்டம் செய்யப்பட்டது. எனினும் பதிவு செய்தால் நிலம் கை நழுவிப்போகுமோ என்று நிலத்தார் அஞ்சுகின்றனர். பதிவைக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைக்காரர் அஞ்சுகின்றனர். முடிவில், உழாதவர் பெயரில் கடன் வருகிறது. உழுபவர் வெளியில் வட்டிக்கு வாங்குகிறார். “எல்லார்க்கும் ஒரே ஆவணம்தான் கேட்கிறோம்” என்று சங்கச் செயலாளர் கூறுவது முற்றிலும் மெய். அந்த ஆவணம் எல்லார்க்கும் கிடைக்கக்கூடியதா என்பதே கேள்வி. நபார்டு வங்கி நடைமுறைப்படுத்திய கூட்டுப் பொறுப்புக் குழு முறை இதற்கு ஒரு வழி. 4 முதல் 10 பேர் வரை சேர்ந்து ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறலாம். நில ஆவணத்திற்குப் பதிலாக அண்டை அயலார் அறிவைப் பிணையாக வைக்கும் இம்முறை, உண்மையில், ரைபைசன் சொன்னதன் வேறு வடிவமே.

வட்டிக்காரர் இன்றும் நிலைத்திருப்பதன் காரணத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1951-52-இல் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வில், உழவர் பெற்ற கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது நூற்றுக்கு 3.1 பங்கு மட்டுமே. வட்டித் தொழில் செய்வோரும் வட்டிக்கு விடும் பெரு விவசாயிகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 பங்கு தந்தனர். அவர்களுடைய வட்டி கொடியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் ஒன்றை நன்கு அறிந்திருந்தனர்: யார் வீட்டில் எப்போது பருத்தி எடுப்பு, யார் மகளுக்குத் திருமணம், எந்தப் பசு கன்று ஈனப் போகிறது என்பதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தனர். பணம் வரும் நாளறிந்து வாயிலில் வந்து நின்றனர். அவ்வறிவை அவர்கள் பிறரைக் கட்டிப்போடப் பயன்படுத்தினர். சங்கத்திடமோ அவ்வறிவே இல்லை. 1954-இல் வெளிவந்த அவ்வாய்வின் அறிக்கை, நிலத்தின் மதிப்பைப் பாராமல் பயிரைப் பார்த்துக் கடன் கொடுக்கவும், விளைச்சல் விற்றுவரும் பணத்திலிருந்து அதை வசூலிக்கவும் பரிந்துரைத்தது. பயிர்க்கடன் என்று இன்று நாம் சொல்வதன் வேர் இங்கே உள்ளது. தவணை நாள் அறுவடையை ஒட்டி வரவேண்டும் என்பதே அதன் கருத்து. எத்தனை சங்கங்களில் அந்நாள் எழுத்தரின் வசதியை ஒட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அங்கத்தினரே நன்கு அறிவர். பயிர்க்கடனை உரிய நாளில் செலுத்துவோர்க்கு வட்டிச் சலுகை உண்டு. நாள் தவறினால் சலுகையும் தவறும். ஆகவே நாளை எங்கே வைப்பது என்பது சிறிய செய்தி அன்று.

இவ்வாறு எழுதும்போது நிர்வாகக் குழுவினர் கூறும் மறுப்பு நம் காதில் விழாமலில்லை. “ஒருவருக்குத் தளர்த்தினால் ஊரே வந்து நிற்கும், தலைவருடைய உறவினர்தாம் முதலில் வருவர்” என்கின்றனர். இது வெறும் சாக்கு அன்று, உண்மையான அச்சம். அங்கத்தினர் நிலையைப் பார்த்துச் செயலாளர் தம் மனம்போல் நாளைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று விட்டுவிட்டால், சலுகை இரக்கத்தின் வழியே போகாது. செல்வாக்கின் வழியே போகும். பள்ளத் தெரு அம்மையாருக்கு அது கிட்டாது. மளிகைக் கடைக்காரருக்கே கிட்டும். அப்படிப்பட்ட நிலையில், கண்மூடித்தனமான ஒரே விதியே மேல் என்றுகூட நாம் ஒப்புக்கொள்வோம்.

ஆகவே வேறுபாட்டைத் தயவாகக் கருதாமல் விதியாகக் கருதவேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கு முன்மாதிரிகள் உள்ளன. குஜராத்தில் 1946-இல் தோன்றிய கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் முறையை எடுத்துக்கொள்வோம். பத்து எருமை உடையவர் பாலையும் ஓர் எருமை உடைய கூலிப்பெண்ணின் பாலையும் தனித்தனியே சோதித்து, கொழுப்புச் சத்துக்கு ஏற்ப விலை கொடுத்தனர். எல்லாப் பாலுக்கும் ஒரே விலை என்பது எளிதாயிருந்திருக்கும். ஆனால் நல்ல பால் ஊற்றியவர் நீர்ப்பால் ஊற்றியவர்க்குப் படி அளந்திருப்பார். இங்கே விதி ஒன்றே. அவ்விதி ஒவ்வொருவரையும் தனியே பார்க்கும்படி அமைந்தது. நம் நெசவாளர் சங்கங்களிலேயே சிக்கன சேமிப்பை மாதம் இவ்வளவு என்று வைக்காமல், கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று வைத்திருக்கிறோம். தறி ஓடாத மாதத்தில் பிடித்தம் தானே குறைகிறது. யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. கடன் தவணையும் அதே வழியில் ஏன் இருக்கலாகாது? கூலியில் இத்தனை பங்கு என்று வைத்தால், மழை மாதத்தில் தவணை சுருங்கும். தீபாவளிக்கு முன் தறிகள் இரவும் பகலும் ஓடும்போது பெருகும். மளிகைக் கடைக்காரர் தட்டிக்கழிக்கவும் இடமிராது. அவர் தறி ஓடுகிறதே! வேறுபாட்டைக் கருதுவது என்றால் எல்லார்க்கும் இளகுவது என்று எண்ணிவிடக் கூடாது. சிலரிடம் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியும் வரும்.

இம்முறைக்கு விலை இல்லாமலும் இல்லை. சங்கம் தானே மத்தியக் கூட்டுறவு வங்கியில் கடன் பெற்றிருக்கிறது; அங்கே அதற்கும் ஒரு தவணை நாள் உண்டு. அங்கத்தினர் தவணை நீண்டால் அவ்விடைவெளியைச் சங்கம் தன் சொந்த நிதியிலிருந்து தாங்க வேண்டும். டெலிட்ச் தரப்பின் எச்சரிக்கை இன்றும் செல்லுபடியாகும். காப்பு நிதி சுருங்கிய சங்கம் எல்லாக் கடன்களுக்கும் இதனை உடனே செய்யப் புகுந்தால் தள்ளாடும். சொந்த நிதியிலிருந்து கொடுத்த கடன்களுக்கு மட்டும் முதலில் செய்து பார்ப்பதே அறிவுடைமை. நாளை மாற்றுவது வேறு, தள்ளுபடி வேறு என்பதையும் அங்கத்தினர்க்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் குழப்பிக் கொள்வதில் நம்மவர்க்கு ஒரு தனித் திறமை உண்டு.

பணத்தோடு தொடர்பில்லாத வேறுபாடுகளும் உள. இங்கிலாந்தில் ராச்டேல் முன்னோடிகள் 28 பேர் 28 பவுன் முதலீட்டில் 1844 டிசம்பர் 21-இல் கடை திறந்தனர் என்பதைக் கூட்டுறவு வகுப்பில் எல்லாரும் படித்திருப்போம். அவர்களுள் நெசவாளர் பலர். தொடக்கத்தில் அக்கடை மாலையிலும் இரவிலும் மட்டுமே திறந்திருந்தது. ஏனெனில் பகலில் வாங்குவோரும் விற்போரும் ஆலையிலோ தறியிலோ இருந்தனர். 1846-இல் எலைசா பிரயர்லி என்னும் பெண்மணி தம் பெயரிலேயே அங்கத்தினரானார். மணமான பெண்ணின் ஈட்டமும் உடைமையும் அந்நாட்டுச் சட்டப்படி கணவனுக்கே உரியவையாயிருந்த காலம் அது; 1870, 1882-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்த பிறகே அந்நிலை மாறிற்று. நம் சங்கங்கள் சிலவற்றிலோ பொதுப் பேரவை வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூடுகிறது. சம்பளக்காரச் செயலாளருக்கு அது அலுவல் நேரம். கூலித் தறிக்காரருக்கு அரை நாள் கூலி போயிற்று. பெண்களுக்கு உலை வைக்கும் நேரம். பிறகு “அங்கத்தினர்க்கு அக்கறை இல்லை” என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள்.

கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதும் பொருளுடைய கேள்வியே. சில ஊர்களில் அத்தெருவுக்குள் வர எல்லாரும் ஒரே மாதிரி மனம் கொள்வதில்லை. அவர்கள் பாட்டனார் காலத்து நினைவுகள் அப்படிப்பட்டவை. அந்நினைவுகள் இல்லாதவர் “யார் தடுத்தார்கள்?” என்று எளிதாகக் கேட்டுவிடுகிறார். பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினர்க்கும் நிர்வாகக் குழுவில் சட்டம் இடம் ஒதுக்கியிருக்கிறது. இடம் ஒதுக்குதல் சட்டத்தின் வேலை. செவி கொடுத்தல் குழுவின் வேலை. எழுத்தறியாதார் செய்தியும் இதுபோன்றதே. அகமதாபாத்தில் 1974-இல் சுமார் 4000 உழைக்கும் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சேவா வங்கியைத் தொடங்கியபோது, அவர்களில் மிகப் பலர் கையொப்பமிட அறியாதவர். அதற்காக அவர்களை வெளியே நிறுத்தவில்லை. கணக்கு எண்ணோடு புகைப்படம் எடுத்துக் கணக்குப் புத்தகத்தில் ஒட்டிவிட்டனர். கையொப்பத்தின் நோக்கம் ஆளை அடையாளம் காண்பது. அந்நோக்கம் வேறு வழியில் நிறைவேறிற்று.

அங்கத்தினர் கூறுவதைச் சான்றாக ஏற்பதா என்பதில்தான் பெரிய தடை இருக்கிறது. பள்ளத் தெருவில் எத்தனை நாள் நீர் நிற்கும் என்று குழுவில் கேட்டபோது, மேட்டுத் தெருவைச் சேர்ந்த ஒருவர், “நான்கு நாளில் வடிந்துவிடும், இவர்கள் பெரிதுபடுத்துகிறார்கள்” என்றார். அவர் பொய்யர் அல்லர். அவர் வீட்டு வாயிலில் நான்கு நாளில் வடிவது உண்மை. தம் வாயிலை வைத்து ஊரை அளந்துவிட்டார், அவ்வளவே. ஐயம் தோன்றுமிடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். குழிக்குள் நீர் ஊறுவதும், பருத்தி எந்த மாதம் எடுக்கப்படுகிறது என்பதும், வீட்டில் எத்தனை கைகள் உள்ளன என்பதும் தெருவார் அனைவரும் அறிந்தவை, மறைக்க முடியாதவை. அவற்றை மட்டும் அடிப்படையாகக் கொண்டால் செல்வாக்கு நுழைய வழி குறைவு. அதற்கு மேல் ஒருவர் வீட்டுத் துயரங்களை அலசிப் பதிவேட்டில் எழுதுவது சங்கத்தின் வேலையன்று. வட்டிக்காரர் அறிந்ததெல்லாம் நாம் அறிய வேண்டும் என்பதில்லை.

நடைமுறையில் செய்யத்தக்கவை சிலவே. கடன் பதிவேட்டில் தவணை நாளுக்குப் பக்கத்தில் ‘வருவாய் வரும் மாதம்’ என்று ஒரு பத்தி சேர்க்கலாம். கடன் கொடுக்கும் நாளிலேயே அங்கத்தினரைக் கேட்டு அதை நிரப்ப வேண்டும், பாக்கி விழுந்த பிறகன்று. பாக்கிப் பட்டியலில் ‘காரணம்’ என்று இன்னொரு பத்தி வேண்டும். அதை நிரப்பாத பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டியதில்லை. துணைவிதியில் மாற்றம் தேவைப்படுமிடத்தில் பொதுப் பேரவையின் தீர்மானம் வேண்டும்; அதன்பின் பதிவும் ஆகவேண்டும். பதிவாகும் வரையில் திருத்தம் செல்லாது. அறிவிப்பு, கூட்டம், பதிவு என்று இதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். வரும் ஐப்பசி மழைக்கு முன் புதிய தவணை நடைமுறைக்கு வரவேண்டும் என்று விரும்பும் சங்கங்கள் சித்திரை, வைகாசியிலேயே வரைவைக் குழுவின் முன் வைத்துவிடுதல் நலம். கூட்டத்தை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.